முப்பிடாதியின் கடவுச்சொல்

இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று நாலு நாளாக யோசித்தேன். தப்பென்றால் பொறுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் எனக்குக் கோபம் வராது. உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, இருமல் நின்றதா என்றுதான் வாய் போகும். முகத்துக்கு நேராகக் கோபப்பட எனக்கு நாற்பது வயதிலும் தெரியவில்லை. எழுதினால் வருகிறது. இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கும் அனுப்புவதாக இருக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரையும் அவள் அப்பாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். வாசிக்கும்போது யாரென்று உனக்குத் தெரியும்.

போன வாரம் நீ கூப்பிட்டு, கம்பெனி உன்னை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறது, பங்குனியில் கிளம்ப வேண்டும், அதற்கு முன்னால் இரண்டு நாள் ஊருக்கு வருவேன் என்று சொன்னாய். உன் அப்பா தறி ஓட்டுகிற ஷெட்டில் எல்லோருக்கும் மிக்சரும் ஜாங்கிரியும் கொடுத்தார். நான் “நல்லது மக்கா” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். “ஏம்மா, உனக்கு சந்தோஷமில்லையா?” என்று கேட்டாய். “இருக்குய்யா” என்றேன். பொய். ஆறு மாதமாக உன்மேல் எனக்குக் கோபம். நீ அதைக் கவனிக்கவே இல்லை என்பதில் இன்னும் கோபம்.

நீ அறிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து நீ ஒருபோதும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நம் நெட் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கிக் கொடுத்ததே நான்தான். சாதிச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒரு கடவுச்சொல் வேண்டும். “நீயே ஒண்ணு போட்டு நீயே வச்சுக்கோ தங்கச்சி” என்பார்கள். கட்டாயப்படுத்திக் கேட்டால் குலசாமி பெயரைச் சொல்வார்கள், பின்னால் பிறந்த வருஷம். நான் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நீ கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துச் சிரிப்பாய். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் நான் டீ வாங்கப் போன ஐந்து நிமிஷத்தில், சிட்டா எடுக்க வந்த ஒரு ஆள் நோட்டைப் புரட்டித் தன் வீட்டுக்காரியின் பக்கத்தைப் படித்துவிட்டான். அந்தப் பெண் அவனுக்குத் தெரியாமல் அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். மறுநாள் கன்னம் வீங்கி வந்து கடை வாசலில் நின்றாள். அன்று இரவு உனக்குப் போன் போட்டு, இந்த நோட்டுக்கு ஏதாவது வழி பண்ணு என்று கேட்டவள் நான்தான்.

நீ வந்து செய்த வேலை நல்ல வேலைதான், அதை மறைக்க மாட்டேன். மற்றவர்களுடைய கம்ப்யூட்டரில் நம் ஆட்களின் ரகசியம் எதற்கு, நம் கடையிலேயே இருக்கட்டும் என்றாய். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம் ஒன்றை அதில் நிறுவினாய். கன்டெய்னர் என்று நீ சொன்ன சொல் எனக்கு அன்று விளங்கவில்லை. “அந்த சாஃப்ட்வேருக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் சேத்து ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கும்மா. நாம பிரிக்க வேண்டாம், அப்படியே ஓடவிட்டா போதும்” என்றாய். மூன்று நாள் உட்கார்ந்து நோட்டில் இருந்த ஒவ்வொரு பெயரையும் நான் வாசிக்க நீ ஏற்றினாய். ஏற்றும்போதே குலசாமிகளை எல்லாம் நீக்கிவிட்டு, பெட்டகமே உண்டாக்கிக் கொடுத்த இருபது எழுத்துக் கடவுச்சொற்களை வைத்தாய். எந்த மனிதரும் மனதில் வைத்துக்கொள்ள முடியாத எழுத்துகள். “அதுதாம்மா பாதுகாப்பு” என்றாய். கடைசியில் நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டோம். நான்தான் தீக்குச்சி கிழித்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் மகன் படித்த படிப்பு என் கடைக்கே வந்துவிட்டது என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். நான் அப்படி வலியப் போய்ச் சொல்கிறவள் இல்லை.

நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் முப்பிடாதி வந்தாள். தறிக்கார வேல்ச்சாமி அண்ணாச்சியின் மகள். குருவிகுளம் பக்கம் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு, மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அதனால்தான் அவர் டவுனுக்கு வந்து தறியில் நிற்கிறார். அந்தப் பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். டாக்டர், இன்ஜினியர் என்று கேட்கவில்லை. “வேளாண்மை படிக்கணும்க்கா. எங்க காட்டுல என்னதான் வெளையாதுன்னு பாத்துருதேன்” என்றாள். நான் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தேன். கடவுச்சொல் என்ன வைக்கட்டும் என்று கேட்டபோது, “சாமி பேரே போதும்க்கா, மறக்காது” என்றாள். நான் உன் பாடத்தை அவளுக்கு ஒப்பித்தேன். சாமி பேரெல்லாம் வைக்கக் கூடாது, என் மகன் சொல்லியிருக்கிறான் என்று இருபது எழுத்தைப் போட்டுப் பெட்டகத்தில் பூட்டினேன். ஒரு தாளில் எழுதிக் கேட்டாள். தாளில் எழுதினால் பாதுகாப்பு இல்லை என்று அதையும் மறுத்தேன். இது என் தப்பு. தப்புக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆடித்தபசு முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம், கடை பூட்டிய பிறகு, அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் ஒதுக்கியிருப்பதாகப் பட்டியல் வந்தது. மறுநாள் ஐந்து மணிக்குள் உள்ளே போய்ச் சம்மதம் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. மறுநாள் மின்வாரியப் பராமரிப்பு வேலை, நான் கடை திறக்கும்முன் காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போனது. தறிகள் எல்லாம் நின்று ஊரே காது அடைத்த மாதிரி இருந்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது, தறிச் சத்தம் வந்தது, உன் பழைய கம்ப்யூட்டரிலும் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டகத்தின் பக்கம் மட்டும் வரவில்லை. அணைத்துப் போட்டேன். வரவில்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். வரவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் எண் வருகிற போன், அண்ணாச்சி ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு செத்துப்போன பழைய நம்பர். மின்னஞ்சலுக்குள் போகலாமென்றால் அதன் கடவுச்சொல்லும் பெட்டகத்துக்குள்தான். உதவி எண்ணில் பாட்டுதான் பாடிக்கொண்டிருந்தது.

உனக்கு ஒரு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. உடனே ஒரு செய்தி அனுப்பினேன். என்ன அனுப்பினேன் தெரியுமா? “ஃப்ரீயா இருந்தா கூப்பிடு.” அந்தப் பிள்ளை என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், மணி மூன்று, நான் உனக்கு எழுதுவது ஃப்ரீயாக இருந்தால் கூப்பிடு என்று. உன் ஆபீசில் யாராவது திரையில் பார்த்துவிடுவார்களோ, அம்மா தொந்தரவு பண்ணுகிறாள் என்று உனக்கு வெட்கமாகிவிடுமோ என்று பயந்தேன். “இன்னொருக்க அடிங்கக்கா” என்றாள் முப்பிடாதி. “மீட்டிங்ல இருப்பான்” என்றேன். நாலரைக்கும் அதையேதான் சொன்னேன். இந்தக் கூச்சத்தை நான் யாரிடம் போய்க் கொடுப்பது? ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் காலம் முடிந்தது என்று வந்தது. அவள் அழவில்லை. என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நாளைக்கு அழுத்துனா ஆகாதா?” என்று கேட்டாள்.

நீ ஆறு மணிக்குக் கூப்பிட்டாய். ஷிப்டு முடிந்து அவள் அப்பாவும் வந்திருந்தார். என் போனில் சத்தம் சரியில்லை என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவேன், அது உனக்குத் தெரியும்.

முப்பிடாதியின் விஷயத்தைச் சொல்லி, “பெட்டகத்தோட பக்கமே வரலய்யா” என்றேன்.

“சர்வர்ல ஒண்ணும் இருக்காதும்மா. நான் சர்வீஸா போட்டுட்டுத்தான் வந்திருக்கேன், தானா எந்திரிச்சுக்கும். அந்தப் பிள்ள எதையாவது மாத்தி வச்சிருக்கும்.”

“அவ ஒண்ணும் மாத்தலய்யா. கரண்ட் போயி வந்த பெறவுதான்...”

“எம்மா, தன் பாஸ்வேர்டு தனக்கே தெரியாம ஒரு பிள்ள காலேஜுக்கு எப்படிம்மா போவும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தாய். பெரிய சிரிப்புகூட இல்லை. இன்னொரு கால் வருகிறது என்று வைத்துவிட்டாய்.

இதே வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒருதடவை கேட்டிருக்கிறேன். இதை உனக்குச் சொன்னதில்லை. தபாலில் பி.காம். படித்தபோது உனக்கு மூன்று வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குத் தேர்வு எழுதப் போனேன். நம் குடும்பத்தில் எந்தப் பக்கத்திலும் கல்லூரி வாசலைப் பார்த்தவர் கிடையாது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. ஹால் டிக்கெட் வரவில்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஆள் பதிவு எண் கேட்டார். என் வாயில் எண் வரவில்லை. “தன் நம்பர் தனக்கே தெரியாமத்தான் டிகிரி எழுத வந்தியாக்கும்?” என்றார். பின்னால் நின்ற வரிசை சிரித்தது. நான் திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன். ஒரு வருஷம் போனது. அந்த ஜன்னலுக்குள் இருந்த ஆளை நான் மன்னிக்கவே இல்லை. அவருடைய குரல் என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கடவுச்சொல்லை மனதில் வைக்க முடியாதபடி ஆக்கியவன் நீ. அதை மனதில் வைக்கவில்லை என்று அவளைக் கேட்டவனும் நீ.

வேல்ச்சாமி அண்ணாச்சி சத்தமே போடவில்லை. மகளைப் பார்த்து, “கேட்டியாட்டி? படிச்ச பையன் சொல்லுதான். பாஸ்வேர்டக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, ஒனக்கு எதுக்குட்டி காலேஜு?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். அவள்மேல் தப்பில்லை, எங்கள் பெட்டகம் நின்றுவிட்டது என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. நீ சொன்னது சரியாக இருக்குமோ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அவர்கள் படி இறங்கிவிட்டார்கள்.

இப்படி நான் வாயடைத்து நின்றது முதல் தடவை இல்லை. நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க ஒரு கருவி செய்தாய். நின்றது. அதை ஒரே ஒரு தடவைதான் சோதித்தாய். மறுநாள் அது நிற்கவில்லை. தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டு முற்றத்தில் அடுக்கியிருந்த நூல் பண்டல் அத்தனையும் நனைந்தது. அந்த வீட்டு மதினி வாசலில் வந்து நின்று கத்தியபோது, மோட்டாரை நான்தான் மறந்துவிட்டேன் மதினி என்று சொன்னேன். நீ உள் அறையில்தான் இருந்தாய். கதவு இடுக்கில் உன் கால் தெரிந்தது. நீ வெளியே வருவாய் என்று காத்திருந்தேன், வரவில்லை. வரவில்லையே என்று உன்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மாறாக, சாயங்காலம் உனக்குப் பிடிக்கும் என்று பணியாரம் சுட்டேன். உனக்காக நான் குனிந்துகொண்டே இருந்தால் நீ நிமிர்ந்து வளர்வாய் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது.

மறுவாரம் உன்னை மறுபடி கேட்டேன். “அடுத்த லீவுல வந்து பாக்கேம்மா, அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க” என்றாய். கடைக்கு வருகிறவர்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள், அவர்கள் வாழ்க்கை முழுக்க அந்த மூலையில் பூட்டிக் கிடக்கிறது, உனக்கு லீவு வர வேண்டும். அட்மின் கடவுச்சொல்லை அனுப்பு என்று முதல்முறையாகக் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். “எதையும் கெடுத்துராதம்மா” என்று சேர்த்து அனுப்பினாய்.

கெடுக்கவில்லை. மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். முதலில் பெட்டகத்தின் தரவு இருந்த கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்தேன். தொடுவதற்கு முன் நகல் எடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிறர் ஆவணங்களைத் தினமும் கையில் வாங்குகிறவளுக்கு அது தெரியும். ஐந்தாவது நாள் விஷயம் பிடிபட்டது. நீ சர்வீஸ் போட்டிருந்தாய், உண்மைதான். ஆனால் அதை அந்தக் கம்ப்யூட்டருக்குப் போடவில்லை, உன் பெயருக்குப் போட்டிருந்தாய். நீ உன் கணக்கில் நுழைந்தால் அது எழுந்திருக்கும், வெளியேறினால் படுத்துவிடும். நீ கிளம்பிய அன்று திரையை மட்டும் பூட்டிவிட்டு, வெளியேறாமல் போனாய். அதனால், சின்னச் சின்ன மின்வெட்டுகளைப் பேட்டரி தாங்க, நாலு மாதம் ஓடியது. அன்று ஐந்து மணி நேரம் கரண்ட் போய் வந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் யாருக்காகக் காத்திருந்தது என்றால், பெங்களூரில் இருந்த உனக்காக.

நான் அதைக் கம்ப்யூட்டரின் சொந்த சர்வீசாக மாற்றினேன். யார் நுழைந்தாலும் நுழையாவிட்டாலும், கரண்ட் வந்தால் நெட் வந்த பிறகு எழுந்திரு, விழுந்தால் மறுபடி எழுந்திரு என்று எழுதிய ஒரு சின்னக் கோப்பு. பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று ஒரு பகல் முழுக்க அது என்னை விரட்டியது. கோப்புறையின் உரிமை உன் பெயரிலேயே இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து அதையும் மாற்றினேன். பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். மாட்டினேன். இரண்டு நிமிஷத்தில் பக்கம் வந்தது. நம்பவில்லை. மறுபடி பிடுங்கினேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன மதினி, மெசினோட சண்டையா?” என்றார். “மெசினோட இல்ல அண்ணாச்சி” என்றேன். மூன்றாம் தடவையும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுக்கிறேன். அவரவர் கடவுச்சொல்லை அவரவர் கையாலேயே ஒரு அட்டையில் எழுதவைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். புருஷனுக்குத் தெரியக்கூடாது என்கிறவர்கள் அரிசி டப்பாவுக்குள் வைப்பதாகச் சொல்கிறார்கள். அது அவர்கள் பாடு, அவர்கள் பொருள்.

இதையெல்லாம் முடித்துவிட்டேன் என்று சொன்னபோது நீ “சூப்பர்ம்மா” என்றாய். பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னாய். “என் ஃபோன் ஆப்ல எல்லாத்துக்கும் ஒரு காப்பி இருக்கும்மா. சர்வர் நின்னாலும் அதுல பாக்கலாம். அன்னைக்கு அர்ஜென்ட்னு சொல்லியிருந்தா வாசிச்சிருப்பேம்லா.” அந்தப் பிள்ளையின் இருபது எழுத்தும் அன்று மூன்று மணிக்கு உன் சட்டைப்பையில் இருந்தது. நான் அர்ஜென்ட் என்று எழுதவில்லை, சரி. ஆனால் உன் அம்மா வேலைநாளில் மத்தியானம் மூன்று மணிக்கு உன்னைக் கூப்பிட்டது உன் ஆயுளில் எத்தனை தடவை? அதைப் பார்த்தும் உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றுதான் தெரியும். அங்கே போயும் எதையாவது கட்டுவாய், பெரிய பெரிய ஆட்களுக்குக் கட்டுவாய். முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் உன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பார். நீ இல்லாமல் அது எழுந்திருக்கிறதா என்று பார். எழுந்திருக்காவிட்டால் வேலை முடியவில்லை, முடிந்தது என்று நீ மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

கார்த்திகையில் நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நாலு மாதம் பிடித்தது எனக்கு அந்தத் தெருவில் திரும்ப. முப்பிடாதி ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை. தப்பு அவள்மேல் இல்லை, எங்கள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, அடுத்த வருஷம் அதே மதிப்பெண்ணுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். “நீ நல்ல மனசு தங்கச்சி, பிள்ளையக் காப்பாத்தணும்னு ஒம்மேல பழியப் போட்டுக்கிடுத. ஒம்மகன் சொன்னத நான் காதால கேட்டேம்லா. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?” என்றார். வாசுதேவநல்லூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம், சித்திரையில் பேசி முடிப்பார்களாம். நான் சொல்வது அவர் காதில் ஏறவில்லை. என் வாழ்நாள் முழுக்க உன் தப்பை என் தப்பு என்று சொல்லியே பழகிவிட்டேன். உண்மையைச் சொல்லும்போதும் அது அப்படித்தான் கேட்கிறது.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் படிப்புக்கோ வேலைக்கோ பதிலாக இதுவரை நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நீ வரும் இரண்டு நாளில் ஒருநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்படி டிக்கெட் போடு. அன்றைக்குத்தான் அண்ணாச்சி வீட்டில் இருப்பார். காலையிலேயே போக வேண்டும், ஒன்பது மணிக்கு அவள் கடைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் அப்பா முன்னால், அவளும் அங்கே நிற்கும்போது, “தப்பு என்னோடது மாமா, இந்தப் பிள்ளமேல ஒண்ணுமில்ல” என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நான் உன்னோடு தெருமுனைவரை வருவேன். வீட்டுக்குள் வரமாட்டேன்.